நம் பையை நாமே சுமப்போம்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேசுகிறவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள் அதை அழகாகப் பேசிவிட்டார்கள். ஆகவே நான் வேறொன்றைப் பேச அனுமதி கேட்கிறேன். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, ஒரு நகரத்தைக் கால்நடையாகச் சுற்றி, ஒரு மலையில் ஏறி மறுபக்கம் இறங்குவதைப் பற்றிப் பேசப் போகிறேன். "படிக்கிற பிள்ளைங்ககிட்ட இதை ஏன் இந்த டீச்சர் பேசுறாங்க?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நான் கடைசியில் உங்களிடம் ஒரு கையெழுத்துக் கேட்கப் போகிறேன். எதற்கு என்று அப்போது சொல்கிறேன்.

மழை பெய்து வானம் தெளிந்த காலை நேரத்தில் நம் பைராம் தோட்டத்திலிருந்து வடமேற்கே பார்த்தால், கடலுக்கு அப்பால் நீல நிறத்தில் ஒரு மலைத்தொடர் தெரியும். அதுதான் பினாங்குத் தீவின் மலை. நாம் கொடிமலை என்கிறோம். மலாயில் புக்கிட் பெண்டேரா. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள் கேட்டேன்: "அந்த மலையைப் பார்த்தவங்க யாரு?" எல்லாக் கையும் உயர்ந்தது. "ரயில்ல ஏறிப் போனவங்க?" ஐந்தாறு கைகள். "நடந்து ஏறினவங்க?" ஒரு கைகூட இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அன்று வரை என் கையும் உயர்ந்திருக்காது. நானும் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். நமக்கு ஜார்ஜ்டவுன் என்றால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, தீபாவளிக்குத் துணி, உடம்புக்கு முடியாவிட்டால் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

இந்த எண்ணம் எனக்கு மாறியது எப்படி என்று சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிய புதிதில், ஒரு வேலையாக ஜார்ஜ்டவுனுக்குப் போயிருந்தேன். லெபோ சூலியா உங்களுக்குத் தெரியும். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த பெயர். அந்த நம்மவர் பெயர் கொண்ட தெருவிலும் பக்கத்துச் சந்துகளிலும்தான், பல ஆண்டுகளாக, உலகம் சுற்றும் வெளிநாட்டு இளைஞர்கள் மலிவான அறை எடுத்துத் தங்குகிறார்கள். ஆளை மறைக்கும் அளவுக்கு முதுகில் ஒரு பை. காலில் அழுக்கேறிய சப்பாத்து. அப்படி ஒரு பெண் என்னை நிறுத்தி வழி கேட்டார். ஏறக்குறைய என் வயதுதான். தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டைச் சேர்ந்தவர். ஊர் கூஸ்கோ என்றார். "கொடிமலைக்குப் போகும் பாதை எது?" என்பதுதான் கேள்வி. நான் ஆயர் ஈத்தாம் போய் ரயில் ஏறச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ரயில் எனக்குத் தெரியும். கால் போகிற பாதையைத்தான் கேட்கிறேன்" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பூமியின் மறுபக்கத்திலிருந்து வந்தவர் என் ஊர் மலைக்கு வழி கேட்கிறார். தினம் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அவர் விடைபெறும்போது இன்னொன்றும் சொன்னார். "எங்கள் ஊரில் மலை ஏற உலகமே வருகிறது. ஆனால் அதிகச் சுமையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் எங்கள் கிராமத்து ஆட்கள்தான்." அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த ஊரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் கொஞ்சத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

கூஸ்கோ நகரம் ஆண்டிஸ் மலைத்தொடரில் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கொடிமலைத் தொடரின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். அப்படிப்பட்ட நான்கு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் உச்சியில் ஒரு நகரத்தைக் கட்டினால் எப்படியோ, அப்படி! அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். புதிதாகப் போகிறவருக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். அதனால் முதல் ஓரிரண்டு நாள் நகரத்திலேயே மெதுவாக நடந்து உடம்பைப் பழக்கிக்கொள்வார்கள். அதன் பிறகே மலைப்பாதை.

அந்த நகரம் இன்கா மன்னர்களின் தலைநகரம். 1533-இல் ஸ்பானியர் அதைக் கைப்பற்றினார்கள். இன்கா மக்கள் கட்டிய கற்சுவர்கள் இன்றும் தெருவோரங்களில் நிற்கின்றன. சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல், கல்லுக்குக் கல் இழைத்துப் பொருத்திய சுவர்கள். பன்னிரண்டு மூலைகள் உள்ள ஒரே கல்லை அக்கம்பக்கத்துக் கற்களோடு இடைவெளியின்றிப் பொருத்தியிருக்கிறார்கள். அவர்களிடம் குதிரை இல்லை. வண்டிச் சக்கரம் இல்லை. ஆனாலும் மலைகளின் குறுக்கே 30,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளை அமைத்தார்கள். செய்தி கொண்டு போகிறவன் ஓடுவான். அடுத்த சாவடியில் இன்னொருவன் வாங்கிக்கொண்டு ஓடுவான். எல்லாம் காலும் முதுகும் செய்த வேலை.

அந்தப் பழைய சாலையில் ஒரு துண்டைத்தான் இன்று முதுகுப் பைக்காரர்கள் நடக்கிறார்கள். சுமார் 43 கிலோமீட்டர், நான்கு நாள். மச்சு பிச்சு என்னும் பழைய கல்நகரத்தில் போய் முடிகிறது. வழியில் உள்ள மிக உயர்ந்த கணவாய் 4,215 மீட்டர். நம் நாட்டிலேயே உயர்ந்த கினபாலு மலையின் உச்சி 4,095 மீட்டர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! 1911-இல் ஹைரம் பிங்ஹம் என்ற அமெரிக்கர் மச்சு பிச்சுவை உலகத்துக்கு அறிவித்தார். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் அவரை அங்கே கூட்டிப் போனவர் உள்ளூர் விவசாயி. கடைசி மேட்டில் இடிபாடுகளுக்குள் வழி காட்டியது ஒரு சின்னப் பையன். மாணவர்களே, அந்தப் பையனுக்கு அன்று உங்கள் வயதுதான் இருக்கும்.

அந்தப் பாதையில் நடக்கும் வெளிநாட்டவரின் கூடாரம், சமையல் அடுப்பு, அரிசி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் மலைக்கிராமத்து ஆட்கள்தான் முதுகில் கட்டிச் சுமக்கிறார்கள். ஒரு காலத்தில் ஆளுக்கு நாற்பது கிலோவுக்குமேல் ஏற்றியதும் உண்டு. 2001-ஆம் ஆண்டில் பெரு நாட்டில் அவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஓர் ஆள் தூக்கும் சுமைக்கு 20 கிலோ என்று வரம்பு கட்டினார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கூஸ்கோ தெரியவில்லை. நம் தோட்டம்தான் கண் முன் வந்தது.

ஏனென்றால் சுமை தூக்கிய கதை நமக்குப் புதிதல்ல. நம் வட்டாரத்தில் முதலில் கரும்பு, பிறகு ரப்பர், இன்று செம்பனை. கரும்புக் காலத்திலேயே, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பே, தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர்கள் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு துணி மூட்டையோடும் இந்தக் கரையில் இறங்கினார்கள். விடியாத இருட்டில் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் வாளிகளைக் காண்டாக் கட்டையில் மாட்டித் தோளில் சுமந்தார்கள். என் பாட்டிக்கு வலது தோளில் ஒரு காய்ப்பு இருந்தது. சின்ன வயதில் அதைத் தொட்டு, "இது என்ன பாட்டி?" என்று கேட்பேன். "அது கட்டை உட்கார்ற இடம்டி" என்பார்.

அந்தப் பால்மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதுவும் தென் அமெரிக்காவிலிருந்துதான்! 1876-இல் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராக், கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றின் வழியில் வந்த மரங்கள்தாம் மலாயா முழுவதும் பரவின. விக்ஹமின் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. காட்டுக்குள் அந்த விதைகளைக் கூடை கூடையாக முதுகில் சுமந்து வந்த பழங்குடி மக்களின் பெயர் இல்லை. மரமும் கடல் கடந்து வந்தது. நாமும் கடல் கடந்து வந்தோம். இரண்டு பேரும் சந்தித்த இடம் இந்த மண்.

கொடிமலையின் கதையும் அப்படித்தான். ஆங்கிலேயர் வெயில் தாங்காமல் குளிர்ச்சி தேடி அங்கே பங்களா கட்டினார்கள். மேலே போக ரயில் இல்லாத காலத்தில் குதிரையில் போவார்கள். அல்லது நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, கூலிகள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். மலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கி, 1924 ஜனவரி முதல் நாள் முறைப்படி திறக்கப்பட்டது. உச்சியில் இருக்கும் ஸ்ரீ அருளொளி திருமுருகன் கோயில், அங்கே உழைத்த நம்மவர்கள் கும்பிட்டு வளர்த்த கோயில். பிறரைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களுக்கு, நின்று வேடிக்கை பார்க்க நேரம் கிடைத்திருக்குமா? யோசித்துப் பாருங்கள்.

இப்படியெல்லாம் யோசித்தபின் நான் முடிவு செய்தேன்: நானும் ஏற வேண்டும், என் பிள்ளைகளையும் கூட்டிப் போக வேண்டும். கூஸ்கோவுக்குப் போக நம்மிடம் பணம் இல்லை. ஆனால் நகரமும் மலையும் நமக்கும் இருக்கிறது, கடலுக்கு அந்தப் பக்கத்திலேயே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில், ஒன்பது பிள்ளைகளும் நான்கு பெற்றோரும் நானும் புறப்பட ஏற்பாடு செய்தோம். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினேன். பையன்களுக்கு உடனே அனுமதி கிடைத்தது. பெண் பிள்ளைகளுக்குத்தான் தயக்கம். குலை வெட்டும் வேலை பார்க்கும் ஓர் அண்ணன், மகள் ஆறாம் ஆண்டு மாணவி. முடியவே முடியாது என்றார். பெண் பிள்ளை என்பதற்காக மட்டும் அவர் மறுக்கவில்லை. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்கிறேன்:

"டீச்சர், எங்கப்பா தூக்குனாரு, நான் தூக்குறேன். என் பிள்ளை தூக்கக் கூடாதுன்னுதானே உங்ககிட்ட படிக்க அனுப்புறேன்? நீங்க அவ முதுகுல மூட்டையைக் கட்டி மலை ஏறச் சொல்றீங்களே!"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே பள்ளிக்கு வந்தார். "பிள்ளை சாப்பிடாம அழுவுது. நானும் கூட வரேன். முடியலன்னா பாதியிலேயே கூட்டிக்கிட்டு வந்துருவேன்" என்றார். ஐந்தாவது பெற்றோராக அவரும் சேர்ந்தார்.

இருட்டோடு வேன் பிடித்து பட்டர்வொர்த் போனோம். 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் நமக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. அதில் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் கடலைக் கடப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பெர்ரியில் போனோம். இப்போது பெர்ரியில் கார் ஏறுவதில்லை. நடப்பவரும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பையன், "டீச்சர், ஊரு கிட்ட வருது!" என்று கத்தினான்.

ஜெட்டியில் இறங்கி நடந்தோம். 1786-இல் பிரான்சிஸ் லைட் தொடங்கிய நகரம் இது. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஒரே தெருவையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் நடந்து பார்த்தாலே ஒரு வரலாற்றுப் பாடம் முடிந்துவிடும். 1818-இல் கட்டிய செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஊதுபத்திப் புகை சூழ்ந்த குவான் யின் சீனக் கோயில். பக்கத்துக் குவீன் தெருவில் 1833-இல் எழுந்த நம் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம். அப்புறம் 1801-இல் இந்திய முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நான்கு சமயமும் நடந்து போகிற தூரத்தில். ஒரு மாணவி நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், இதெல்லாம் நம்ம புத்தகத்துல இருக்குதே, இவ்வளவு கிட்ட கிட்டவா இருக்கு?" புத்தகத்தில் நான்கு படமாக இருந்தது, அவள் காலுக்கு ஒரே தெருவாகத் தெரிந்துவிட்டது.

பஸ் ஏறித் தாவரப் பூங்காவில் இறங்கினோம். 1884-இல் அமைத்த பூங்கா அது. குரங்குகள் அதிகம், பிளாஸ்டிக் பை தெரிந்தால் பிடுங்கிவிடும். அதனால் தின்பண்டத்தை எல்லாம் பைக்குள் மறைத்துவிட்டு, ஜீப் பாதையில் ஏறத் தொடங்கினோம். தார் போட்ட பாதைதான், சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் செங்குத்து! முதல் அரை மணி நேரம் பாட்டும் சிரிப்பும். அடுத்த அரை மணி நேரம் பேச்சு மட்டும். அதற்கப்புறம் மூச்சுச் சத்தம்தான்.

இங்கே என் தவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பை கனக்கக் கூடாது என்று நினைத்து, பிள்ளைக்கு ஒரு சின்னப் புட்டித் தண்ணீர் போதும் என்று சொல்லியிருந்தேன். நடுவழியில் '84' என்று எல்லாரும் அழைக்கும் ஓய்விடம் இருக்கிறது. அதை எட்டுமுன்பே எல்லாப் புட்டியும் காலி. ஒரு பையனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, முகம் வெளுத்துவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. எப்படியோ கைத்தாங்கலாக ஓய்விடத்துக்குக் கொண்டு வந்தோம். அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு சீனத் தாத்தா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தினமும் ஏறுகிறவராம், ஓடி வந்தார். பையனை நிழலில் படுக்க வைத்து, காலை நீட்டித் தேய்த்துவிட்டு, தம் பிளாஸ்கிலிருந்து தேநீரும் உப்புப் பிஸ்கட்டும் கொடுத்தார். அரை மணி நேரத்தில் பையன் எழுந்துவிட்டான். தாத்தா என்னைப் பார்த்து மலாயில், "சிக்கு, மலைக்கு வந்தால் தண்ணீர்தான் முதல் பாடம்" என்றார். ஆசிரியைக்கே பாடம்! ஏற்றுக்கொண்டேன். அங்கேயே எல்லாப் புட்டிகளையும் நிரப்பிக்கொண்டோம்.

மறுபடி புறப்பட்டபோது அந்தக் குலை வெட்டும் அண்ணன், யாரும் கேட்காமலே, நான்கு பிள்ளைகளின் பைகளை வாங்கித் தம் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டார். வேகமாக முன்னால் நடந்தார். அவருக்கு அது ஒரு சுமையே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"அப்பா, என் பையைக் கொடுங்கப்பா."

"வேணாம்மா, நான் தூக்குறேன்."

"இதுல என் தண்ணி, என் சோறு, என் நோட்டுப் புத்தகம்தானே இருக்கு? என்னோடதை நான் தூக்குறேம்பா. நீங்க சும்மா வாங்க. சுத்திப் பாத்துக்கிட்டே வாங்க."

அவர் ஒன்றும் பேசாமல் பையைக் கழற்றிக் கொடுத்தார். மற்ற மூன்று பிள்ளைகளும் வந்து அவரவர் பையை வாங்கிக்கொண்டார்கள். வெறுங்கையோடு அவர் மலையேறினார். அதன் பிறகுதான் மரத்தையும் பறவையையும் நிமிர்ந்து பார்த்தார். "இது என்ன மரம் டீச்சர்? இது என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு வழியாக உச்சியை அடைந்தோம். கீழே இருப்பதைவிட ஐந்து டிகிரி வெப்பம் குறைவு. வியர்வை காய்ந்து சில்லென்று இருந்தது. முருகனைக் கும்பிட்டுவிட்டு, கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டோம். இந்த மலைக் காட்டையும் சுற்றியுள்ள பகுதியையும் 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். வடக்கே கெடாவின் ஜெராய் மலை தெரிந்தது. இராசேந்திர சோழன் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படையெடுத்த கடாரம் அந்த மலையடிவாரப் பக்கம்தான் என்றதும் எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். அந்த அண்ணன் மட்டும் தெற்கே, கடலுக்கு அந்தப் பக்கம், கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரை ஓரமாகப் பச்சைப் பட்டையாக ஒரு நிலம். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்:

"நாப்பது வருஷமா அங்கேருந்து இதைப் பாத்திருக்கேன் டீச்சர். இங்கேருந்து அதைப் பாக்குறது இன்னிக்குத்தான்."

மாலையில் ஆயர் ஈத்தாம் பக்கம் இறங்கினோம். இறங்குவது சுலபம் என்று நினைக்காதீர்கள். முழங்கால்தான் பதில் சொல்லும். வீடு வந்து சேரும்போது இரவு எட்டு மணி. ஒரு பிள்ளையும் குறையவில்லை; ஒரு பையும் குறையவில்லை.

அன்று அவர் என்னைக் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன். அண்ணே, நீங்கள் சபையில்தான் இருக்கிறீர்கள். நீங்கள் தூக்கியது பிறர் சுமை. வயிற்றுக்காகத் தூக்கியது. உங்கள் பிள்ளை அதைத் தூக்கக் கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சி. ஆனால் தன் தண்ணீரையும் தன் சோற்றையும் தன் நோட்டையும் தானே சுமந்து, தான் போக விரும்பிய இடத்துக்குத் தன் காலால் போவது வேறு. முதல் சுமை ஆளைக் குனிய வைக்கும். இரண்டாவது சுமை நிமிர வைக்கும். அந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது உங்கள் மகள்தான்.

இது வெள்ளைக்காரர்களின் வழக்கம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் தைப்பூசத்துக்குப் பழனிவரை நடந்தே போவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. நடை நம் இரத்தத்தில் இருக்கிறது. உயரமும் நமக்கு எட்டாததல்ல. 1997 மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக மலேசியக் கொடியை ஏற்றியவர்கள் யார்? எம். மகேந்திரன், என். மோகனதாஸ் என்ற நம் இரண்டு தமிழர்கள்! அவர்களும் ஒருநாள் முதல் மலையில் முதல் அடியை எடுத்து வைத்தவர்கள்தானே?

மாணவச் செல்வங்களே, நடக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பையின் கனம் உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதில் முதலில் வைக்க வேண்டியது தண்ணீர். ஒரு புட்டி அல்ல, பெரிய புட்டியாக இரண்டு. பிறகு மழைச்சட்டை, மாற்றுத் துணி, உப்புப் பிஸ்கட், சின்ன டார்ச் விளக்கு, ஒரு நோட்டுப் புத்தகம். பழைய சப்பாத்தே நல்லது. புதியது காலைக் கடிக்கும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் முன்னால், வேகமாக நடப்பவர் பின்னால். அப்போதுதான் யாரும் பிந்திப்போக மாட்டார்கள். குரங்குக்குத் தீனி போடக் கூடாது. கொண்டு போன குப்பை உங்களோடு திரும்பி வர வேண்டும். பெரியவர் துணை இல்லாமல் மலைப்பக்கம் போகவே கூடாது.

பெற்றோர்களே, நான் கேட்பதாகச் சொன்ன கையெழுத்து இதுதான். வரும் விடுமுறையில் மறுபடியும் போகிறோம். அனுமதிக் கடிதத்தை நாளை பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புவேன். பையனுக்குப் போடும் அதே கையெழுத்தைப் பெண் பிள்ளைக்கும் போடுங்கள். பயமாக இருந்தால் நீங்களும் கூட வாருங்கள். தண்ணீர் விஷயத்தில் டீச்சர் பாடம் படித்துவிட்டேன். இனி அந்தத் தவறு வராது. பஸ் கட்டணத்துக்குச் சிரமம் என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், வழி செய்வோம்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பரிசு வாங்காத பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: அன்று முதலில் உச்சியை அடைந்தவன் வகுப்பில் முதல் மாணவன் அல்ல. கால் பிடித்துக்கொண்டு நிழலில் படுத்துக் கிடந்தானே, அந்தப் பையன்தான். கடைசி வளைவில் எல்லாரையும் தாண்டி ஓடினான்.

இன்னொரு செய்தி. சென்ற வாரம் அந்தக் குலை வெட்டும் அண்ணன் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். அவர் மகள் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். அடுத்த மகன் நம்மிடம் நான்காம் ஆண்டு. "டீச்சர், இந்த வருஷம் எப்போ போறோம்? மகளும் வரணுமாம்" என்று கேட்டார். "போறீங்க" என்று அவர் கேட்கவில்லை. "போறோம்" என்றுதான் கேட்டார்.